கொன்றவன் யார் என்று முதலிலேயே தெரியும், அப்புறமும் ஏன் தூக்கம் போனது? (ஒரு கோர்ட் நாவல் பற்றி)

பாளை ஜெராக்ஸ்:

வணக்கம். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா 38 வருஷம் வக்கீல் குமாஸ்தா, ஒரே சீனியரிடம். 2004இல் மதுரைக்கு ஹைகோர்ட் கிளை வரும்வரை, அப்பீல் என்றால் கேஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸுக்கு ஏறியவர். சீனியர் காலமானபோது அவருடைய சட்டப் புத்தகங்களை ஜூனியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரும் சீண்டாத ஓர் அட்டைப்பெட்டி அப்பா பங்குக்கு வந்தது. ஐந்தாறு இங்கிலீஷ் நாவல், நாலைந்து வருஷத்துப் பஞ்சாங்கம், கம்பி ஒடிந்த குடை ஒன்று.

அந்தப் பெட்டியில் கிடந்ததுதான் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்'. ராபர்ட் டிராவர் எழுதியது, 1958இல் வந்தது. டிராவர் என்பது புனைபெயர். ஆசாமி நிஜத்தில் ஜான் வோல்கர், அமெரிக்காவில் மிச்சிகன் மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி. நீதிபதியாவதற்கு முன்னால் பல வருஷம் அரசுத் தரப்பு வக்கீல், அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல். 1952இல் அவரே வாதாடிய ஒரு கொலை வழக்கைத்தான் கதையாக மாற்றியிருக்கிறார். என் இங்கிலீஷ் பி.காம். இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டம்மா, "கோர்ட்டு கலைஞ்சாச்சா, லைட்ட அணைக்கலாமா?" என்று கேட்கிற அளவுக்கு.

முடிவைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கிறது. படிக்கப் போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். மேனியன் என்று ஒரு ராணுவ லெப்டினன்ட். மதுக்கடைக்காரன் ஒருவன் தன் மனைவியைக் கெடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் நேரே அவன் கடைக்குப் போய், அத்தனை பேர் பார்க்கச் சுட்டுக் கொல்கிறான். யார் சுட்டது என்பதில் மர்மமே கிடையாது. ஒளிந்திருக்கிற துரோகி இல்லை, கடைசிப் பக்கத்தில் கழற்றுகிற முகமூடி இல்லை. மீன்பிடிப் பைத்தியமான பீக்லர் என்கிற வக்கீல் இந்த வழக்கை எடுத்து, தானே கதையும் சொல்கிறார். அப்படியிருந்தும் என்னால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

ஏன் என்று யோசித்தேன். சின்ன வயசில் அப்பா சில நாள் காலையில் இட்லியைப் பிட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். அம்மா எங்களிடம், "இன்னைக்குச் சாட்சி ஏறுது, ஒண்ணும் கேக்காதீங்க" என்பாள். கொலை எப்போதோ நடந்து முடிந்திருக்கும். சாட்சி வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்பதுதான் அவருக்குத் திகில். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் கூண்டில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு சீனியரும் ஒன்றும் செய்ய முடியாது, குமாஸ்தாவும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த நாவலில் பாதிக்கு மேல் அந்த வயிற்றுக் கலக்கம்தான்.

சரி, நான் கேட்க வந்தது வேறு.

ஆரம்பத்தில் ஜெயிலில் ஒரு காட்சி. பீக்லர் கட்சிக்காரனிடம், 'என்ன நடந்தது, சொல்' என்று கேட்கவில்லை. அவனைப் பேசவிடாமல் நிறுத்தி முதலில் சட்டத்தைச் சொல்கிறார். கொலைக் குற்றத்திலிருந்து தப்ப இன்னின்ன வழி உண்டு. நான் இல்லை என்பது ஒன்று, தற்காப்பு என்பது ஒன்று, புத்தி சுவாதீனம் இல்லை என்பது ஒன்று. இதில் இது உனக்கு ஆகாது, அது உனக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருகிறார். கடைசியில் ஒரே ஒரு கதவு திறந்து கிடக்கிறது. அவனும் புத்திசாலி, அந்தக் கதவு வழியாகவே வருகிறான்: அன்றைக்கு எனக்குப் புத்தியே பேதலித்துத்தான் போயிருக்க வேண்டும். வக்கீல் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு அந்தப் பெட்டியில் கிடந்த பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது. அடிதடிக் கேஸ் ஒன்று. சம்பவம் நடந்த நேரத்தில் எங்கள் கட்சிக்காரர் பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் இருந்தார் என்று சொல்ல ஒருவர் வந்திருந்தார். ராத்திரி பத்து மணிக்கு நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். டீக்கடையில் வைத்து அப்பா பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினார். நான் கூடவே நின்றேன், ஏழாம் வகுப்பு. "அண்ணாச்சி, அன்னைக்கு அமாவாசை கழிஞ்சு மூணாம் நாளு. எட்டு மணிக்கெல்லாம் நிலா விழுந்திருக்கும். எந்த வெளிச்சத்துல பாத்தீங்கன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அவர் வடையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "கொடைக்கு டியூப் லைட்டு கட்டியிருந்தான்லா" என்றார். கூண்டிலும் அதையேதான் சொன்னார். கேஸ் ஜெயித்தது.

பிறகு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், அது சொல்லிக் கொடுத்ததுதானே என்று. "அவன் பொய் சொல்லலலே. வெளிச்சம் இருந்துச்சு. எந்த வெளிச்சம்னு மறந்துட்டான்" என்றார். இப்போது அப்பா இல்லை, கேட்கவும் முடியாது.

படித்தவர்கள் சொல்லுங்கள். பீக்லர் செய்தது சரியா? அந்த இடத்தில் உங்களுக்கு அவர் மேல் மதிப்பு கூடியதா, குறைந்ததா?

இன்னொன்று. முடிவில் விடுதலையாகிற மேனியன் பீஸ் கொடுக்காமலே ராவோடு ராவாக ஊரைக் காலி செய்துவிடுகிறான். வக்கீல் கையில் புரோநோட்டு மட்டும்தான் மிச்சம். பல பேருக்கு இது சப்பென்ற முடிவாகத் தோன்றியிருக்கலாம். நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கேஸ் தோற்றவன் கடன் வாங்கியாவது பீஸ் கட்டுவான், ஜெயித்தவன் தெருவைச் சுற்றிக்கொண்டு போவான் என்று அப்பா சொல்வார். அந்த டியூப் லைட் கேஸிலும் எங்களுக்கு வந்தது இரண்டு வாழைத்தார்தான்.

கருப்புக் கோட்டு:

அண்ணாச்சி, உங்கள் கடையில் தினமும் வரிசையில் நிற்கிறவள்தான். யார் என்று கண்டுபிடித்தாலும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.

பதினோரு வருஷமாக கிரிமினல் பக்கம் இருக்கிறேன். இந்தக் காட்சியை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் தொழில் ஒழுக்க வகுப்பில் வைத்து விவாதிப்பார்கள். எங்களுக்கும் ஒரு பேராசிரியர் அதைச் சொல்லித்தான் நாவல் பெயரே தெரிந்தது. அப்புறம் தேடிப் படித்தேன்.

என் கட்சி இது: கட்சிக்காரனுக்குச் சட்டம் என்னவென்று சொல்வது வக்கீலின் கடமை. தன் மேல் என்ன பிரிவு, அதற்கு என்ன தண்டனை, என்ன எதிர்வாதம் உண்டு என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது. பீக்லர் இடறுவது எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதில். நான் ஜெயிலுக்கு நேர்காணல் போனால் முதலில் நோட்டைத் திறந்து, "நடந்ததைச் சொல்லுங்க, நான் குறுக்கே பேசமாட்டேன்" என்பேன். சொல்லி முடித்த பிறகுதான் சட்டம். முன்னாலேயே சட்டத்தைச் சொன்னால் அவனுக்கே தெரியாமல் ஞாபகம் அந்தச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும். ரொம்ப நல்லவள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானும் சட்டத்தை முன்னால் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு வயசு பத்தொன்பது. அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் அப்பா கதை வேறு. அவர் சட்டத்தைச் சொல்லவில்லை, நிலா எப்போது விழுந்தது என்று சொன்னார். நிலா யார் கட்சியும் இல்லை. பி.பி. (அரசுத் தரப்பு வக்கீல்) கையிலும் பஞ்சாங்கம் இருந்திருக்கும், அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேனியன் இங்கே மாட்டியிருந்தால் அந்த ஒரே கதவும் மூடித்தான் இருந்திருக்கும். நாவலில் காப்பாற்றுவது, தன்னை அடக்கவே முடியாத உந்துதலில் செய்துவிட்டான் என்கிற வாதம். மிச்சிகனில் 1886லேயே அதற்கு ஒரு தீர்ப்பு இருந்தது, அந்தப் பழைய தீர்ப்பைத் தேடிப் பிடிக்கிற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏ.ஐ.ஆர். என்கிற பழைய தீர்ப்புத் தொகுப்புகளை மடியில் போட்டுத் தூசியில் தும்மினவர்களுக்குத் தெரியும் அந்தச் சந்தோஷம். நம் ஊரில் தண்டனைச் சட்டம் 84ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 22. செய்கிற காரியம் என்ன, அது தப்பா சரியா என்று புரியாத நிலையில் மனம் இருந்திருக்க வேண்டும். புரிந்தது, அடக்க முடியவில்லை என்றால் இந்தப் பிரிவில் விடுதலை கிடையாது. 1843இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கில் வகுத்ததைத்தான் நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், அவர்கள் ஊரில் குற்றம் சாட்டப்பட்டவனே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறான், குறுக்கு விசாரணையையும் தாங்குகிறான். இங்கே அப்படி ஏறுவது மிக அபூர்வம். சாட்சி எல்லாம் முடிந்ததும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313ஆவது பிரிவுப்படி அவனிடம் கேள்வி, இப்போது புதிய சட்டத்தில் 351. நீதிபதி கேட்பார், ஏ1, அதாவது முதல் எதிரி, 'பொய்' என்பார், அடுத்த கேள்வி, 'பொய்'. நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன கிடைக்கும்?

பீஸ் விஷயம் மட்டும் பேசாதீர்கள், வயிறு எரிகிறது. ஜெயித்தால் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளக் கூடப் பார் கவுன்சில் விதி இடம் தராது.

தென்காசி பஸ்:

நானும் எடுத்தேன். நூற்றி இருபதாம் பக்கத்தில் வைத்துவிட்டேன். கொலை எங்கே, விசாரணை எங்கே என்று தேடினால் ஆள் மீன் பிடிக்கப் போய்க்கொண்டே இருக்கிறார். திரில்லர் என்றால் ஒரு துரத்தல், ஒரு மிரட்டல் கடிதமாவது வேண்டாமா? சினிமா பார்த்தேன், அது பரவாயில்லை. அதில் நீதிபதியாக வருகிற தாத்தா நன்றாக நடித்திருக்கிறார்.

பாளை ஜெராக்ஸ்:

அந்தத் தாத்தா நடிகரே இல்லை, தம்பி. ஜோசப் வெல்ச் என்கிற நிஜ வக்கீல். 1954இல் மெக்கார்த்தி என்ற செனட்டரை டி.வி. விசாரணையில் நேருக்கு நேர் வெட்கம் கெட்டவனா நீ என்று கேட்டுப் பேர் வாங்கியவர். படத்தையும் கதாசிரியரின் சொந்த ஊர்ப் பக்கமே போய், நிஜக் கோர்ட்டுக்குள் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

மீன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அந்த மனுஷன் சுப்ரீம் கோர்ட் வேலையையே விட்டுவிட்டு மீன் பிடிக்கவும் எழுதவும் வீட்டுக்குப் போனவர். நாவலில் மீனே வராமல் இருக்குமா?

கருப்புக் கோட்டு, கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் லீகல் சைஸில் எழுபது பக்கம். சொல்லமாட்டேன்.

வள்ளியூர் வாத்தியார்:

தம்பி, ரிட்டயர்டு தமிழாசிரியன். சட்டம் தெரியாது. கதை தெரியும்.

உங்கள் அப்பாவின் பஞ்சாங்கத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதே காரியத்தை ஆபிரகாம் லிங்கன் செய்திருக்கிறார். 1858இல், வக்கீலாக இருந்தபோது. கொலை வழக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு, நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து, நல்ல நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்று சாட்சி அடித்துச் சொல்கிறான். லிங்கன் அவன் வாயாலேயே திரும்பத் திரும்ப நிலா, நிலா என்று சொல்ல வைக்கிறார். அப்புறம் மெதுவாக, கொலை நடந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டுகிறார். அந்த நேரத்தில் நிலா அடிவானத்துக்கு இறங்கிவிட்டது. பையன் விடுதலை. லிங்கன் எதிராளியின் சாட்சியைப் பஞ்சாங்கத்தால் உடைத்தார், உங்கள் அப்பா தன் சாட்சி உடைந்துவிடாமல் பஞ்சாங்கத்தால் கட்டினார். அந்த வழக்கில் லிங்கன் பீஸ் வாங்கவில்லை. கஷ்டகாலத்தில் சோறு போட்ட குடும்பத்துப் பையன் என்பதால். உங்களுக்கு வாழைத்தாராவது வந்தது.

நாவலைப் பற்றி எனக்குத் தோன்றியது. அந்தத் திகில் எல்லாம் ஜூரியால் வருவது. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல, பேசாமல் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு சாதாரண ஜனங்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று வக்கீலுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம் ஊரிலும் ஜூரி இருந்த காலத்தில் நிஜமே நாவல் மாதிரிதான் இருந்தது. 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதரும் நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணனும் மாட்டினார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஜூரி குற்றவாளி என்றது, அப்பீலிலும் போச்சு. கடைசியில் அன்றைக்கு நமக்கு மேல்கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வழக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழமாட்டார்கள்.

மேனியன் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருவது நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரி, 1959, பம்பாய். மனைவிக்கு வேறொருவரோடு உறவு என்று அவளே சொல்லக் கேட்டு, அந்த ஆளைச் சுட்டுவிட்டார். ஜூரியில் எட்டுப் பேர் நிரபராதி, ஒருவர் மட்டும் இல்லை என்றார். நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை. 1961இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. விஷயம் தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், பிறகுதான் அந்த ஆள் வீட்டுக்குப் போனார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கோபம் ஆறுவதற்குப் போதுமான நேரம் என்று தீர்ப்பில் சொன்னார்கள். கணக்கு அவ்வளவுதான் தம்பி, கோபத்துக்கும் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். குற்ற வழக்குகளில் ஜூரியை முழுக்க எடுத்தது 1973 நடைமுறைச் சட்டம் என்றாலும், சாகடித்தது நானாவதி வழக்குதான் என்று ஜனங்கள் சொல்வார்கள்.

பீக்லர் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. ஆனால் அந்த மேனியனை வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க மாட்டேன்.

அம்பை அக்கா:

எல்லாரும் வக்கீல், பீஸ், நிலா என்று பேசுகிறீர்கள். லாராவைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மேனியன் மனைவி. அவளுக்குத்தான் அந்தக் கொடுமை நடந்தது. வழக்கோ அவள் புருஷன் மேல். அதனால் கூண்டில் அவள் வெறும் சாட்சி. என்ன உடுத்தியிருந்தாய், ஏன் தனியாகப் போனாய், எவ்வளவு குடித்தாய் என்று அவளையே கிண்டுகிறார்கள். அரசு வக்கீலுக்கு அவள் பொய்க்காரியாகத் தெரிய வேண்டும், பீக்லருக்கு அவள் அடக்கமானவளாகத் தெரிய வேண்டும். கோர்ட்டுக்கு எப்படி உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று அதற்கும் யோசனை சொல்கிறார். அவளுக்காகப் பேச ஒரு வக்கீல் அந்த அறையில் இல்லவே இல்லை.

எனக்கு அந்த ஜெயில் காட்சியை விட இதுதான் உறுத்தியது. நானூறு பக்கத்துக்கு மேல் படித்தும் அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. பீக்லரே கதை சொல்வதால் அவருக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும். சில இடத்தில் அவளை அவர் பார்க்கிற பார்வையே எனக்குப் பிடிக்கவில்லை.

1958 அமெரிக்கா என்று விட்டுவிடலாம் என்றால் நம் பழைய சாட்சியச் சட்டத்தைப் பாருங்கள். புகார் சொல்கிற பெண் நடத்தை சரியில்லாதவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்று ஒரு உட்பிரிவு, 155இல் நாலாவது, 2002ஆம் வருஷத் திருத்தம் வரும்வரை புத்தகத்தில் இருந்தது. மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு வக்கீலம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் ஸ்கூலில் படிக்கும்போதும் அது சட்டம், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறும்போதும் அது சட்டம்.

புத்தகம் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டேன். கோர்ட் ஆரம்பித்த பிறகு ஒரே மூச்சுதான், அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. ஆனால் புருஷன் விடுதலையானதும் நீங்கள் எல்லாரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டீர்கள் பாருங்கள், எனக்கு அது வரவில்லை. அந்த இரண்டு பேரும் வண்டியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்களே, போகிற வழியில் அவளை அவன் எப்படி நடத்தினான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கருப்புக் கோட்டு:

அக்கா, இதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. தினம் கோர்ட்டில் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

பாளை ஜெராக்ஸ்:

அக்கா சொன்ன பிறகு லாரா கூண்டில் ஏறுகிற பகுதியை நேற்று ராத்திரி மறுபடியும் படித்தேன். முதல் தடவை அவளிடம் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் பீக்லர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவும் அப்படித்தான், சாட்சி பேசும்போது அவர் கண் சீனியர் மேல் இருக்கும். குமாஸ்தா வீட்டுப் புத்தி.

வாத்தியார் ஐயா, லிங்கன் கதையை அப்பா கேட்டிருந்தால் சீனியரிடம் சொல்லி ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.

பீக்லர் விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. கருப்புக் கோட்டு சொன்ன முன்னால், பின்னால் என்பது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அன்றைக்கு டீக்கடையில் அப்பா அந்த மனிதரிடம் பஞ்சாங்கத்தை விரிப்பதற்கு முன்னால், "எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?" என்று சும்மா ஒரு தடவை கேட்டாரா? எனக்கு வடைதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு அந்த வேலையை என்னால் செய்ய முடியாது. வேண்டியவர்கள் கடைக்கு வாருங்கள், இரவல் தருகிறேன். தென்காசித் தம்பிக்கு முதல் உரிமை, நூற்றி இருபத்தொன்றாம் பக்கத்திலிருந்து. முன்னட்டை கழன்று நிற்கிறது, அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.